ரோட்டுக்குக் கீழ்ப்பக்கம்

கிங்ஸ்டன் பாலத்தைக் கடந்து கடைத்தெருவுக்குள் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. தோளில் ஒரு பை, காலில் ஏற்கெனவே ஆற்றுத் தண்ணீர் ஊறிய சப்பாத்து. சற்று முன்னர்தான் அந்த வருடத்தின் கடைசிப் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலாளியின் கையைக் குலுக்கிவிட்டு வந்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசி வருடங்களில் ஒன்று அது. சித்திரையிலிருந்து ஐப்பசி வரை தேம்ஸ் நதிக்கரையில் வாடகைப் படகு விடும் ஒரு துறையில் வேலை செய்தேன். குடும்பங்கள் வரும், காதலர்கள் வருவார்கள், குடித்துவிட்டுச் சிலர் வருவார்கள். எல்லாரையும் கைபிடித்துப் படகில் இருத்தி, கொழுக்கித் தடியால் தள்ளிவிட வேண்டும். திரும்பி வரும்போது இழுத்துக் கட்ட வேண்டும். இலை விழத் தொடங்கியதும் ஆட்கள் குறைந்தார்கள். கடைசிக் கிழமை முழுவதும் படகுகளை ஒவ்வொன்றாகச் சரிவில் ஏற்றிக் கழுவினோம். துடுப்பைத் தாங்கும் இரும்புக் கொண்டிகளைக் கழற்றி எண்ணெய் பூசினோம். மெத்தைகளை வெயில் தேடித் தேடிக் காயவைத்தோம். அந்த மெத்தைகளும் துடுப்புகளும் அடுக்கும் மேல்மாடிதான் ஏழு மாதமாக நான் படுத்த இடம். இனி அடுத்த சித்திரை வரை அந்தக் கதவுக்குப் பூட்டு.

முதலாளி அதிகம் பேசாத ஒரு வெள்ளைக்காரக் கிழவர். வரும் வருடமும் வா என்று சொல்லிவிட்டு, மழை வரப்போகுது என்று வானத்தைப் பார்த்தார். உள்ளே போய்த் தன்னுடைய மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். நல்ல கனமான கோட்டு. எனக்கு வேறு கோட்டு இல்லை. போட்டுக்கொண்டு நடந்தேன். அதன் முதுகில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஏழு மாதமாக அந்த எழுத்துக்களைக் கண்டு கண்டு கண் மரத்துப் போயிருந்தது.

போகும் இடம் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊர். அங்கே என் நண்பனும் அவன் மனைவியும் ஒரு மூலைக்கடைக்கு மேல் இருந்த வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வெயில் காலம் முழுவதும் அவர்கள் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: படகு முடிந்ததும் எங்களிடம் வா. பஸ்ஸுக்கு நின்று பார்த்தேன், வரவில்லை. நிற்பது எனக்குச் சரிவராது. ரெயின்ஸ் பார்க், மேர்ட்டன் என்று நடந்தே போய்விடலாம் என்று புறப்பட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து கொழும்பு, பெர்லின், பிறகு லண்டன் என்று நான் செய்ததெல்லாம் இதுதான்.

இரண்டு நாள் முன்னர் துறைக்குப் பக்கத்துத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து நண்பனுக்கு அடித்தேன்.

"வா மச்சான், கட்டாயம் வா. பின்பக்கத்துச் சின்ன அறை சும்மாதான் கிடக்கு. வீட்டுக்காரருக்குச் சொல்லிப்போட்டன். உன்னை ஒருக்காப் பாக்கவேணுமாம்."

"என்னைப் பாத்து என்ன செய்யப்போறார்? மாப்பிளை எடுக்கப்போறாரே?"

"பகிடி விடாதை. ஊரிலை தெரிஞ்ச ஆள், ஹோட்டல்லை வேலை எண்டு சொல்லியிருக்கிறன். வள்ளம், படகு எண்டு வாயைத் திறந்திடாதை."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் ஊரின் நடுவே ஒரு தார் ரோட்டு ஓடுகிறது. ரோட்டுக்கு மேல்பக்கம் புகையிலையும் வெங்காயமும். கீழ்ப்பக்கம் கடல். மேல்பக்கத்தார் கீழ்ப்பக்கத்து வீடுகளில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நான் மேல்பக்கம். என் அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். நண்பன் கீழ்ப்பக்கம். அவனுடைய அப்பாவுக்கு வள்ளம். ஒரே ஊரில் பிறந்தும் நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது லண்டன் பிளேஸ்டோவில் எட்டுப் பேர் இருந்த ஓர் அறையில். ஒரே மெத்தையில் பகலில் நான் படுப்பேன், இரவில் அவன் படுப்பான். ஒரே சட்டியில் சாப்பிட்டோம். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு அவனுடைய ஷிப்டுக்கு நான் போனேன். எனக்குத் துடுப்புப் பிடிக்கக் காட்டித் தந்ததும் அவன்தான். சித்திரையில் ஒருநாள் ஆற்றுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படகில் ஏறி, அரை மணித்தியாலத்தில் என்னை ஆளாக்கிவிட்டுப் போனான். அன்று அவனுடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் லண்டனில் காணவில்லை.

வீட்டுக்காரர் வேறு ஊர், என்றாலும் எங்கள் ரோட்டைப் பற்றித் தெரிந்தவர். கீழே கடையும் அவருடையதுதான். பல விதத்தில் நல்ல மனிதர். ஹீட்டர் பழுதானபோது அன்றைக்கே புதிது வாங்கிப் பூட்டினவர். நண்பனின் மனைவியை ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் ஏற்றிப் போனவர். ஆனால் வீட்டைக் கொடுக்கும் முன்னர் நண்பனிடம் ஊரைக் கேட்டு, பிறகு ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்றும் கேட்டிருக்கிறார். நண்பன் மேல்பக்கம் என்று சொன்னான். அந்த ஒரு சொல்லில்தான் அவர்களுக்கு வீடு கிடைத்தது. அதன்பிறகு இரண்டு வருடமாக, கடையில் ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து அவர் மாடிக்கு ஏறிவந்து நண்பனின் மனைவி கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. மாசியில் பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

மேர்ட்டனைத் தாண்டும்போதே இருளத் தொடங்கிவிட்டது. மிச்சத்தில் கடையின் பக்கக் கதவைத் தட்டினேன். நண்பன் இறங்கிவந்து திறந்தான். அவன் பாண் சுடும் பேக்டரியில் காலை ஷிப்ட், இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவான். என்னைக் கட்டிப்பிடித்தான், நனைந்தான். கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினேன். மேலே கொண்டுபோனால் விரிப்பெல்லாம் நனையும் என்பதுதான் அப்போது என் யோசனை.

"அண்ணை, நடந்தோ வந்தனீங்கள்?" அவள் துவாயைக் கொண்டுவந்து நீட்டினாள். "லண்டன்லை பஸ் எண்டு ஒண்டு ஓடுது, தெரியுமோ?"

"அது வரேல்லை. நான் வந்திட்டன்."

"இவருக்கு நிக்கத் தெரியாது," என்றான் நண்பன். "நிண்டா வேர் விட்டிடும் எண்டு பயம்."

சின்ன அறையைக் காட்டினார்கள். ஒரு கட்டில், ஒரு யன்னல். யன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர். அவள் கட்டிலுக்கு விரிப்புப் போட்டு, ஒரு தலையணையும் வைத்திருந்தாள். தலையணையை அழுத்திப் பார்த்தேன். குளிர்காலம் முழுவதும் இதில்தான் என்று மனதில் தீர்மானித்துவிட்டேன். எப்படியும் இந்த அறையை விடக்கூடாது. முந்தின குளிர்காலத்தை நான் படுக்க இடமில்லாமல் எப்படிக் கழித்தேன் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சோறும் பாரைமீன் குழம்பும். நானும் நண்பனும் உட்கார்ந்து இரண்டு வாய் வைத்திருப்போம், படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் முழங்கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை.

"கீழை தொங்கிற மஞ்சள் கோட்டு ஆரின்ரை? என்னையும் நனைச்சுப் போட்டுது."

நான் என்னுடையது என்றேன். அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவள் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு வைத்தாள். அவர் பிசையத் தொடங்கினார்.

"முதுகிலை எழுதிக் கிடக்கு, வாடகைப் படகு எண்டு. இவர் ஹோட்டல் எண்டெல்லோ சொன்னவர்."

நண்பன் வாயில் வைத்த சோற்றை விழுங்கினான். "அது அண்ணை, ஹோட்டல்தான். இப்ப கொஞ்ச நாளா..."

"படகிலைதான் வேலை," என்றேன். கோட்டு சொல்லிவிட்ட பிறகு நான் மறைத்து என்ன பிரயோசனம்.

"உமக்கு எவடம்?"

"இவரின்ரை ஊர்தான்."

"அது தெரியும். ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"

நான் தண்ணீர் குடித்தேன். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. குழம்பை விட்டுப் பிசைந்துகொண்டே தணிந்த குரலில் சொன்னார்.

"கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். போன கிழமை கடையிலை ஒருத்தர் ஒரு கதை சொன்னவர். என்ரை வீட்டிலை உங்கட ஊர்க் கரைப்பக்கத்து ஆள் ஒண்டு இருக்குதாம். நான் சொன்னன், அப்பிடி இராது, நான் விசாரிச்சுத்தான் குடுத்தனான் எண்டு."

நண்பனின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள், திரும்பவில்லை.

என்னிடம் உண்மையே இருந்தது. மேல்பக்கம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்பாவின் பெயரைச் சொல்லலாம், தோட்டத்தைச் சொல்லலாம், எந்தக் கோயிலில் எத்தனையாம் திருவிழா எங்களுடையது என்று சொல்லலாம். அவர் யாரிடம் விசாரித்தாலும் பிழைக்காது. கட்டிலும் தலையணையும் எனக்குத்தான். ஆனால் கடையில் சொல்லப்பட்ட அந்தக் கதைக்கு ஓர் ஆள் வேண்டும். அது நான் இல்லை என்று ஆனால், அந்த மேசையில் எங்கள் ஊரான் என்று மிஞ்சுவது நண்பன்தான். பிள்ளை மாசியில் பிறக்கிறது.

"நான் கீழ்ப்பக்கம் அண்ணை," என்றேன். "அப்பாவுக்கு வள்ளம் இருந்தது. நான் இஞ்சை வந்து போறதை ஆரோ கண்டு சொல்லியிருப்பினம். இவை மேல்பக்கம். இவரின்ரை தேப்பனுக்குப் புகையிலைத் தோட்டம். எங்கட பக்கத்திலையிருந்து பாத்தாத் தெரியும்."

"அண்ணை, அது வந்து..." என்று நண்பன் தொடங்கினான்.

"நீ சாப்பிடு," என்றேன். "உனக்கு விடிய ஷிப்ட்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் ஒரு மீன்துண்டை எடுத்து முள் களைந்தேன். வீட்டுக்காரரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உண்மையில் அவர் பயந்துபோய்த்தான் மேலே வந்திருந்தார் என்று அப்போது விளங்கியது. இரண்டு வருடச் சாப்பாடு அவரைப் பயப்படுத்தியிருக்கிறது.

"அதிலை என்ன இருக்கு," என்றார். "இந்த நாட்டிலை ஆர் இதுகளைப் பாக்கினம்." இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். "பின்னறைதான்... தங்கச்சியின்ரை மகன் வாறன் எண்டு கேட்டவன். நான் மறந்தே போனன், பாருங்கோ." இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, நண்பனிடம் சொன்னார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் குழம்பு விடம்மா. இந்தக் கைக்கு ஆர் கிட்ட நிப்பினம்? என்ன தம்பி, நீ சொல்லு. உங்கட ஆக்களுக்குத்தானே மீன் தெரியும்."

ஒரு நிமிடத்துக்கு முன்னர் நான் 'நீர்'. இப்போது 'நீ'.

"ஓம் அண்ணை," என்றேன். "எங்கட பக்கத்திலை இப்பிடி வைக்கத் தெரியாது."

குழம்புச் சட்டியோடு வந்தவளின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, என் தோளில் தட்டாமல் நண்பனின் தோளில் மட்டும் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கடைக்கதவு மணி கீழே அடித்து ஓய்ந்தது. நான் சோற்றை முடித்தேன். நல்ல குழம்பை வீணாக்க எனக்கு மனம் வராது.

"இண்டைக்குப் படுத்திட்டு விடியப் போ," என்றான் நண்பன்.

"இல்லை. அவர் விடிய வந்து பாத்தா உனக்குத்தான் கரைச்சல்."

அவள் மிச்சச் சோற்றையும் மீனையும் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் போட்டு, பொலித்தீன் பையால் சுற்றி முடிச்சுப் போட்டாள். என் கையில் தரும்போது சொன்னாள்: "அண்ணை, இனி நீங்கள் எங்கட ஆள். மாமாவுக்குக் கடிதம் போடேக்கை எழுதுறன், லண்டன்லை இன்னொரு மகன் இருக்கிறார் எண்டு."

"கொஞ்சம் படிப்புக் குறைஞ்ச மகன் எண்டும் எழுதுங்கோ."

நண்பன் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தான். மழை விட்டிருந்தது. அவன் கோபமாக இருந்தான். கோபம் வந்தால் அவன் வேகமாக நடப்பான், நானும் வேகமாக நடந்தேன்.

"நான் உன்னட்டைக் கேட்டனானே? சொல்லு, கேட்டனானே?"

"கேக்கேல்லை."

"பேந்து ஏன்? நானே சொல்லியிருப்பன். வாயிலை வந்திட்டுது. ரெண்டு வருசமாச் சாப்பிட்டியே, இப்ப என்ன செய்யப்போறாய் எண்டு அந்தாளின்ரை முகத்தைப் பாத்துக் கேட்டிருப்பன்."

"கேட்டுப்போட்டு எங்கை போவாய்? அந்தப் பிள்ளையை எங்கை கூட்டிக்கொண்டு போவாய்? மாசி கழியட்டும். வேறை வீடு எடு. சாமானெல்லாம் லொறியிலை ஏத்தினாப் பிறகு போய்க் கேள். நானும் வாறன், பக்கத்திலை நிக்கிறன்."

கொஞ்ச தூரம் இன்னும் வேகமாக நடந்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

"என்ரை தேப்பனைக் கொண்டுபோறாய். வள்ளத்தையும் கொண்டுபோறாய். எனக்கு உன்ரை புகையிலைத் தோட்டமோ?"

"நல்ல தோட்டம். தண்ணி மட்டும் இறைக்கவேணும்."

"போடா விசரா."

நிறுத்தத்தில் நின்றோம். அவன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "டூட்டிங்கிலை மார்க்கட்டுக்குக் கிட்ட ஒரு மீன்கடை இருக்கு. மொரீஷியஸ்காரன் ஒருத்தன். ஆள் வேணும் எண்டு கண்ணாடியிலை ஒட்டி மூண்டு நாலு கிழமையாகுது. கடைக்கு மேலை ஒரு அறையும் குடுக்கிறானாம். எங்கட பொடியள் ஒருத்தனும் போறாங்களில்லை. கண்டா ஊரிலை என்ன கதைப்பினம் எண்டு."

"நீ ஏன் போகேல்லை?"

மீன் வெட்டத் தெரிந்த ஒரேயொரு ஆள் அந்தக் கடைப்பக்கம் போகவே முடியாதவன். அவனுடைய கை ஒருதரம் கத்தியைப் பிடித்தால் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

"மேலை அறை இருக்கிறது நிச்சயமோ?" என்று கேட்டேன்.

"நிச்சயம்."

பஸ் வந்தது. ஏறினேன்.

அன்றிரவு டூட்டிங்கில் தெரிந்த ஒருவர் வேலை செய்த பெட்ரோல் நிலையத்தின் பின்னறையில், ஒரு கதிரையில் இருந்தபடி கழிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குழம்பு இரவிலும் நன்றாக இருந்தது. தெரிந்தவர் பாதியைச் சாப்பிட்டார்.

விடிந்ததும் போய் மீன்கடைக் கதவுக்கு முன்னால் நின்றேன். மொரீஷியஸ்காரர் வான் வண்டியிலிருந்து மீன்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். மறுபக்கம் பிடித்து நானும் இறக்கினேன். ஆறாவது ஏழாவது பெட்டியில்தான் அவர் என்னை யார் என்று கேட்டார். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். முன்பு மீன் வெட்டியிருக்கிறாயா என்றார். இல்லை என்றேன். என் மஞ்சள் கோட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கையில் துடுப்புக் காய்ப்பு இருந்தது. மேலே போய் அறையைப் பார்த்துவிட்டு வா, ஹீட்டர் இல்லை, பிறகு குறை சொல்லக்கூடாது என்றார். நான் பார்க்கப் போகவில்லை. பையை மட்டும் படியில் வைத்துவிட்டு, கொக்கியில் தொங்கிய ரப்பர் ஏப்ரனை எடுத்துக் கட்டினேன்.

செதில் எடுப்பதை அவர் ஒருதரம் செய்து காட்டினார். வாலிலிருந்து தலைப்பக்கமாக. ஐஸுக்குள் விரல் பத்து நிமிடத்தில் மரத்துப்போனது. முதல் மீனில் பாதித் தசையும் செதிலோடு போய்விட்டது. இரண்டாவது பரவாயில்லை. கடை திறந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்களில் அம்மா ஒருவர் வந்து, கண்ணாடிக்குள்ளே ஒரு விளைமீனைக் காட்டி ஆங்கிலத்தில் குழம்புக்கு வெட்டச் சொன்னார். வெட்டி, இந்தாங்கோ அம்மா என்று நீட்டினேன். அவர் பைக்குள் பார்த்தார்.

"இதென்ன தம்பி, இந்தப் பெரிய துண்டு? இப்பிடியே குழம்புக்கு வெட்டுறது?"

"இண்டைக்குத்தான் பழகுறன் அம்மா. எப்பிடி வேணும் எண்டு காட்டுங்கோ."

அவர் ஆள்காட்டி விரலையும் பெருவிரலையும் விரித்து அளவு காட்டினார். மீனைத் திரும்ப வாங்கிப் பலகையில் வைத்து, அந்த அளவுக்கு வெட்டினேன்.